ராத்தா காட்டிய இரண்டு விரல்

“…அப்ப, நில்லுங்க எண்டு நான் சொல்லுறதும் இந்த விலைக்குள்ள அடங்கிட்டா தம்பி?”

என் மூத்த சகோதரி, எங்கள் வழக்கில் ராத்தா, இதைக் கேட்டபோது என் கையில் ஈரப் பிரஷ் இருந்தது. முன்னால் தென்னையில் சாய்த்து வைத்த தகரப் பலகை. அதில் நீல எழுத்து இன்னும் காயவில்லை. பொத்துவிலில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற அவருடைய தென்னங்காணியில் கூடாரம் அடித்துத் தங்க வருகிறவர்களுக்காக நான் எழுதிக்கொண்டிருந்த விலைப் பலகை அது. அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று சொல்வதற்கு, கதையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு மகளுக்கு. மருமகன் பெட்டியோடு வந்து இறங்குவார். தாய் தகப்பன் பின்னறைக்கு ஒதுங்குவார்கள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அதுதான். ராத்தாவும் தன் கல்முனை வீட்டை ஒரே மகளுக்கு எழுதிக் கொடுத்தார். மச்சான், அவருடைய கணவர், மௌத்தாகிக் கண்மூடிய பிறகு அந்த வீட்டுப் பின்னறையில் இருந்தார். குறை ஒன்றும் இல்லை. மருமகன் தங்கமான பிள்ளை, மாமிக்கு இறால் பிடிக்கும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் இறால் கொண்டுவருகிறவர். ஆனாலும் ராத்தா ஒருநாள் என் கடைக்கு வந்து, கவிழ்த்து வைத்த பெயின்ட் டின்னில் உட்கார்ந்து சொன்னார்:

“எல்லாம் இரிக்கு தம்பி. வாற மனிசர வாங்க எண்டு சொல்ல எனக்கொரு வாசல்தான் இல்ல. மகள்ட வாசலில நிண்டு நான் எப்பிடிச் சொல்லுற? அது அவ சொல்லுற சொல்லு.”

எனக்குக் கல்முனையில் ஹாட்வெயார் கடை. பெயின்ட், ஆணி, தறப்பாள், நைலோன் கயிறு. வியாபாரம் பார்க்கிறதைவிட வருகிற சனத்தின் வாயைப் பார்க்கிறதுதான் எனக்கு வேலை என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிற ஒலுவிலில் இருந்து ஒருவர் சுவருக்கு நீலம் வாங்க வந்தார். “கடல் நிறம் தரட்டா?” என்றேன். “வேற ஊர்க் கடலாப் பாத்துத் தாங்க காக்கா. எங்கட கடல் எண்டா வீட்டத் திண்டுரும்” என்றார். இப்படி ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குப் பகல் சோறு பிந்தினாலும் பரவாயில்லை. ராத்தா டின்னில் இருந்து சொன்னதும் அப்படி விழுந்ததுதான். ஆனால் அதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை.

மச்சான் பொத்துவில்காரர். தன் பங்குத் தென்னங்காணியை ராத்தா பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு அறைக் கல்வீடு ஒன்று, உப்புக் கலவாத கிணறு ஒன்று. ராத்தா அங்கே போய் இருந்துகொண்டார். மகள் அழுதாள், மருமகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அங்கே போன முதல் மாதமே ஒரு மாலையில், முதுகில் மூட்டையோடு இரண்டு பொடியன்கள் வந்து கூடாரம் அடிக்க இடம் கேட்டார்களாம். ராத்தா சரி என்று தலையாட்டினார். காலையில் அவர்கள் கூடாரம் அடித்திருந்த இடத்தில் ஒரு சிரட்டைக்குக் கீழே காசு இருந்தது. அதுதான் தொடக்கம்.

மருமகன் எதிர்க்கவில்லை. ஆனால் கொழும்பு ஹோட்டல்காரர் ஒருவர் அந்தக் காணியை நீண்ட குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மலசலகூடம் கட்டி, வேலி அடைத்து, மோட்டார் பூட்டினது எல்லாம் மருமகனின் கைக்காசு. அவர் என் முன்னால்தான் சொன்னார்:

“மாமி, இந்தச் சீசன் மட்டும் பாப்பம். காணி தன்ட செலவத் தானே பாத்துக்கிட்டா நீங்க இஞ்சயே இருங்க, நான் வாய் திறக்க மாட்டன். இல்லாட்டி குத்தகைக்குக் குடுத்துட்டு எங்களோட வந்திருங்க. நீங்க தனியக் கிடக்கிறது எனக்கு நித்திரையக் கெடுக்கு.”

“ஓம் மகன்” என்றார் ராத்தா. சொன்னால் சொன்னதுதான். சீசன் முடியும்போது வாசல் இருக்குமா, பின்னறையா என்பது அந்த ஒரு ‘ஓமில்’ தொங்கியது.

விலை வைக்கத் தெரிய வேண்டுமே. நானும் ராத்தாவும் ஒரு ஓட்டோ பிடித்து அறுகம்குடாப் பக்கம் கூடாரக் காணிகளின் பலகைகளைப் பார்த்து வரப் போனோம். அன்றைக்கு ராத்தா போட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

முதல் பலகையில் பனங்காய் பருமனில் ‘500’ என்றும், கீழே எறும்பு ஊர்வதுபோல ‘முதல்’ என்றும் எழுதியிருந்தது. ராத்தா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். “ஐநூறில தொடங்குது சரி. எங்க போய் முடியுது எண்டு எழுதல்லியே?” காணிக்காரர் சிரித்துக்கொண்டு விளக்கினார். ஐநூறு வெறும் நிலத்துக்கு. அதுவும் கூடாரம் உங்களுடையது என்றால். குளிக்க வேறு, போன் சார்ஜ் பண்ண வேறு, வெளிச்சத்துக்கு வேறு, மோட்டார் சைக்கிள் நிற்பாட்ட வேறு. வாடகைக் கூடாரம் என்றால் பாய் தலையணைக்குத் தனிக்காசு.

“தலையணை இல்லாமக் கூடாரம் எடுக்கிறவங்களும் இரிக்காங்களா தம்பி?” என்று ராத்தா அவரையே கேட்டார்.

“இருக்காங்க ராத்தா. மறுகா ராவில வந்து கேப்பாங்க. அப்ப விலை கூட.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் பெயின்ட்டை வாங்கின முதலுக்கே விற்று, பிரஷ்ஷிலும் தின்னரிலும் லாபம் பார்க்கிற ஆள்தான். ஆட்களை உள்ளே கூப்பிடுகிற விலை ஒன்று, உள்ளே வந்த பிறகு ஏறுகிற விலை ஒன்று. பலகை கூப்பிடுவதற்கு மட்டும்.

அடுத்த காணியில் வரிசைக் கணக்கு. கடலைப் பார்த்த முன்வரிசைக்கு ஒரு விலை, நடுவரிசைக்கு ஒரு விலை, தெருப்பக்கம் ஆகக் குறைவு. சீசன் ஏற ஏற மூன்றும் ஏறும், மழை தொடங்கினால் பாதியாக இறங்கும். “அலைச் சத்தத்துக்கும் காசு எடுக்காங்க போல” என்றார் ராத்தா. மூன்றாவது காணியில் ஆளுக்கு இவ்வளவு. பிள்ளைகளுக்கு அரைவாசி, கைப்பிள்ளைக்கு இல்லை. “அரைவாசிப் பிள்ளை எத்தின வயசு வரைக்கும்?” என்று கேட்டதற்கு அங்கிருந்த பொடியன், “உயரத்தப் பாத்துச் சொல்லுவன்” என்றான். போனில் போட்டிருந்த விலையும் வேலி வாசலில், கடப்படியில், கேட்ட விலையும் ஒன்றில்லை என்பதையும் அவனே சொன்னான், ஒளிவு மறைவில்லாமல்.

திரும்பி வரும்போது ராத்தா ஓட்டோவிலேயே தீர்த்துவிட்டார். தேங்காய் விழாத இடமாகப் பார்த்து எட்டு இடம். எட்டுக்கும் ஒரே விலை.

“கடல் தெரியிற இடத்துக்குக் கொஞ்சம் கூட்டினா என்ன ராத்தா?”

“மச்சான் அந்த இடத்திலதான் பாய் போட்டுப் படுக்கிற. அவருக்கிட்ட நான் என்ன கூடவா எடுத்தன்?”

பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இப்படி எழுதினேன்: ‘கூடாரம் ஒன்று, இரவு ஒன்று, ரூபா ஆயிரத்து இருநூறு. தண்ணீர், குளிப்பு, வெளிச்சம், காலைப் பிளேன்டீ எல்லாம் இதற்குள்.’ ஆங்கிலத்தை ராத்தாவின் பேத்தி சரிபார்த்தாள். பலகை தெருவோரத்தில் ஏறியது. முதலாவதாக வந்தவர்கள் காரைதீவில் இருந்து ஒரு ரீச்சரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும். ஒரு இரவு நின்றார்கள். காலையில் கூடாரத்தைச் சுருட்டியபோது ராத்தா கடப்படிக்குப் போய், எங்கள் வீடுகளில் எல்லோரும் சொல்கிறதைச் சொன்னார்:

“என்ன புள்ள இவ்வளவு அவசரம்? ரெண்டு நாள் நிண்டு போங்களன்.”

“இல்லக்கா, ஊரில அலுவல் கிடக்கு. இன்னொருக்கா வாறம்” என்றார் ரீச்சர்.

அவ்வளவுதான். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் ஒருவரை வாசலால் அனுப்பினால் விரட்டிவிட்டதுபோல இருக்கும். கேட்டுவிட்டு உண்மையாகவே நின்றால் அதுவும் சரியில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல் நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு இது.

வெள்ளைக்காரருக்குத் தெரியாது. வைகாசி முடிவில், அலைச்சறுக்குப் பலகையோடு ஒருவன் வந்து ஒரு இரவு நின்றான். காலையில் மூட்டையைத் தோளில் போட்டபோது ராத்தா கடப்படியில் நின்று இரண்டு விரலைக் காட்டி, தனக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல்லில், “ஸ்டே… டூ டே” என்றார். அந்த மனிதன் நின்றான். ராத்தாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மூட்டையை இறக்கி, கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கூடாரத்தை அடித்தான்.

“எனக்கு ஒரு நிமிசம் ஒண்டும் விளங்கல்ல” என்று ராத்தா பின்னால் எனக்குச் சொன்னார். “மறுகா போய் இன்னொரு சுண்டு அரிசி போட்டன். வேறென்ன செய்யிற?”

அந்த இரண்டு இரவுக்கும் அவர் காசு வாங்கவில்லை. நில் என்று தான் சொல்லி நின்றவரிடம் எப்படிக் காசு வாங்குவது?

ஆடி மாதம் மருமகன் என் கடைக்கு வந்தார். பெயின்ட் வாங்க வந்தவர் மாதிரி வண்ண அட்டையைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

“மாமா, அங்க எட்டுக் கூடாரமும் நிறைஞ்சு கிடக்கு. ஒரு நாளும் காலியில்ல. ஆனா கரண்ட் பில்லுக்கு மாமி என்ட மகளிட்ட, அவள் சேத்து வெச்ச காசக் கேட்டிரிக்காங்க. எனக்குச் சொல்ல வேணாம் எண்டும் சொல்லியிரிக்காங்க. என்னெண்டு ஒருக்காப் போய்ப் பாருங்களன். நான் போய்க் கேட்டா கணக்குக் கேக்கிறன் எண்டு நினைப்பாங்க.”

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பொத்துவிலுக்குப் போனேன். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி அன்றைய காலையைப் பார்த்தேன். முதலில் ஒரு பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு கடப்படியில் போய் நின்றாள். போகவில்லை. செருப்பைச் சரிசெய்தாள், கடலைப் பார்த்தாள், தலைமயிரை அவிழ்த்துக் கட்டினாள். ராத்தா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து இரண்டு விரலைக் காட்டினார். அவள் ராத்தாவைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னும் இருவர் வந்து நின்றார்கள். அதே மாதிரி. ஒருவன் மூட்டையைக்கூடக் கட்டவில்லை, வெறும் கூடாரப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

விடுமுறைக்கு அங்கே வந்திருந்த பேத்தியிடம் கேட்டேன். அவள் போனைத் திறந்து, தங்கிப் போனவர்கள் எழுதி வைத்திருந்ததை மெல்ல வாசித்தாள். எங்கள் பிள்ளைகள் தாயைக் கூப்பிடுகிறதுபோல அவர்களும் ராத்தாவை உம்மா என்றே எழுதியிருந்தார்கள். “ஒரு இரவுக்குக் காசு கொடுங்கள். போகிற நாளில் பையோடு வாசலில் நில்லுங்கள். உம்மா வந்து இரண்டு விரல் காட்டுவார். இரண்டு இரவு இலவசம், சில நாள் சோறும் மீன் ஆணமும் உண்டு.” இன்னொருவர்: “இந்தக் கரையில் ஆகக் குறைந்த விலை. அன்பான உம்மா.” எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் எழுதின ஒரு வரியும் இல்லை. அறுகம்குடாக்காரர்கள் காசு கொடுத்துச் செய்கிற விளம்பரத்தை ராத்தாவின் வாய் சும்மா செய்திருந்தது. அந்த விளம்பரம்தான் அவரைக் கல்முனைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

விசயத்தை விளக்கிச் சொன்னேன். ராத்தா நெடுநேரம் தேங்காய் துருவினார்.

“அப்ப அவங்க நான் சொன்னத்துக்காக நிக்கல்லியா?”

“சொன்னத்துக்காகத்தான் நிக்காங்க ராத்தா. ஆனா சொல்லுவீங்க எண்டு தெரிஞ்சு வந்து நிக்காங்க.”

“பாவம்” என்றார். யாரை என்று எனக்கு விளங்கவில்லை.

“இனிச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்.”

“வாசலால போற மனிசர சும்மா பாத்துக்கிட்டு நிக்கவா? அதுக்கு நான் பின்னறையிலயே கிடந்திரிக்கலாமே தம்பி.”

நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். கோமாரி ஊரைத் தாண்டும்போது என் மூளை வேலை செய்தது. கடையில் நான் செய்கிறதுதான்: நாலு டின் பெயின்ட் எடுத்தால் ஒரு பிரஷ் இலவசம். பிரஷ்ஷின் விலை டின்னுக்குள் இருக்கிறது, வாங்குகிறவருக்கும் சந்தோசம். அதேபோல மூன்று இரவுக்குச் சேர்த்து ஒரு விலை வைத்துவிட்டு, அதில் இரண்டு எங்கள் விருந்து என்று எழுதினால்? ராத்தா வாய் நிறைய நில்லுங்க என்று சொல்லலாம், விரலைக் காட்டலாம், காணிக்கும் காசு வரும். எனக்கு என்மேலேயே பெரிய மதிப்பு வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இறால் பையை அடுப்படியில் வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்தார். சீசன் முடியும்வரை காத்திருக்க முடியாது என்று, குத்தகைக்குக் கேட்ட கொழும்புக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். அதை மருமகன் வழியில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். நான் தெருவோரப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து, பழைய எழுத்துக்கு மேல் வெள்ளை அடித்து, அது காய்ந்ததும் எழுதத் தொடங்கினேன். ‘மூன்று இரவு, ரூபா மூவாயிரம்.’ அதற்குக் கீழே, வளைத்து, அழகாக: ‘இதில் இரண்டு இரவு உம்மாவின் விருந்து.’

ராத்தா வந்து பக்கத்தில் நின்றார். எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார். விலையை எப்படி வைத்தேன் என்று கேட்டார். பிரஷ்ஷையும் டின்னையும் வைத்துப் பெருமையாக விளக்கினேன். அப்போதுதான் அதைக் கேட்டார்: “அப்ப, நில்லுங்க எண்டு நான் சொல்லுறதும் இந்த விலைக்குள்ள அடங்கிட்டா தம்பி?”

நான் பிரஷ்ஷைப் பார்த்தேன். நீலம் ஒரு சொட்டு மணலில் விழுந்தது.

“அந்த வரிய அழி” என்றார். கோபம் இல்லாத குரல். “மூவாயிரத்தையும் அழி. பழையபடி ஒரு ராவுக்கு ஆயிரத்து இருநூறு எண்டு எழுது. ஒவ்வொரு ராவுக்கும் எண்டு பெரிசா எழுது. சொல்லுற எண்டா நான் சும்மா சொல்லணும். வித்துட்டுச் சொல்ல எனக்குத் தெரியா.”

“அப்ப வந்து நிக்கிறவங்க?” என்று மருமகன் கிணற்றுக் கட்டில் இருந்து கேட்டார்.

கடப்படியில் அந்த நேரம் பார்த்து ஒரு சோடி நின்றது. உயரமான ஆணும் ஒரு பெண்ணும். முந்தைய நாள்தான் வந்தவர்கள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை, ஆனால் கால்கள் தெருப்பக்கம் திரும்பவில்லை. பெண் அடுப்படியைப் பார்த்துச் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தாள். மருமகன் எழுந்து நின்றார். நான் தின்னர்ச் சீலையைக் கையில் எடுத்தபடி அப்படியே இருந்தேன். ராத்தா இப்போது இரண்டு விரலைத் தூக்கினால், திங்கட்கிழமை காணி கொழும்புக்காரருடையது. தூக்காமல் நின்றுவிட்டால் காணி மிஞ்சும், ஆனால் ராத்தா எதற்காக அந்தக் காணிக்கு வந்தாரோ அது மிஞ்சாது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. கல்முனையில் இருந்து கொண்டுவந்த மூளையில் வேறு வழி இருக்கவில்லை.

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடப்படிக்கு நடந்தார். அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவினார். விரலைத் தூக்கவில்லை; அவள் கையில் இருந்த பையை வாங்கித் தன் தலையில் வைத்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ராத்தா அதைக் கவனிக்கவில்லை. ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வாங்க என்று சைகை காட்டி, வெறுங்காலோடு தெருப்பக்கம் நடக்கத் தொடங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னால் போனார்கள். தெரு வரைக்கும் நல்ல நடை. நாங்கள் வேலியோரம் நின்று பார்த்தோம். அக்கரைப்பற்று பஸ் வரும்வரை ராத்தா வெயிலில் அவர்களோடு நின்றார். பஸ் வந்ததும் கையை நீட்டி மறித்து, கொண்டக்டரைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்க ஆசனத்தைக் காட்டி, பையைத் தன் கையாலேயே உள்ளே ஏற்றிவைத்தார்.